சிறையும் புகலிடமும்: வியட்நாமியக் கவிஞர் ஒருவரின் வரலாறு

‘அகதி’ என்னும் சொல்லை நாம் நாடோறும் செய்தித்தாளிற் காண்கிறோம். ‘கதி’ என்னும் வடசொல்லுக்கு வழி, புகல் என்பன பொருள். வழியும் புகலும் அற்றவர் அகதி எனப்பட்டார். தனித்தமிழ் வேண்டுவோர் அவரை ‘ஏதிலி’ என்பர். பண்டை நூல்களில் ‘ஏதிலார்’ என்றால் அயலார். வியட்நாமியர் தம் மொழியில் ‘தி நான்’ என்பர். இன்னலினின்றும் விலகிச் செல்லுதல் என்பது அதன் பொருள். மூன்று சொற்களையும் அருகருகே வைத்து நோக்குக. வடசொல் அவருடைய நிலையைக் கூறுகிறது. வியட்நாமியச் சொல் அவருடைய செயலைக் கூறுகிறது. நம் ஏதிலி என்னும் சொல்லோ, அவரை ஏற்கும் ஊரார் அவரை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதைக் கூறுகிறது.

இம்மூன்றும் ஒருவர் வாழ்விலேயே பொருந்தி வந்ததற்கு நுயென் சீ தியென் என்னும் வியட்நாமியக் கவிஞரின் வரலாறு நல்ல சான்றாகும். மூன்று முறை சிறைப்பட்டு, 27 ஆண்டுகளைச் சிறைகளிலும் முகாம்களிலும் கழித்து, 56ஆம் அகவையில் அமெரிக்கா சேர்ந்தவர் இவர். அரசியல் கைதி ஒருவர் எவ்வாறு அகதி ஆகிறார்? அவரை ஏற்கும் நாடு எதனைச் சான்றாகக் கேட்கிறது? சென்று சேர்ந்தபின் அவர் வாழ்வு யாது? இவற்றை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

வகுப்பறையில் ஒரு வாக்கியம்

வியட்நாமியர் பெயரில் குடும்பப் பெயர் முதலில் நிற்கும். இட்ட பெயர் இறுதியில் நிற்கும். ஆதலால் நுயென் சீ தியென் என்பாரைத் தியென் என்று அழைப்பதே முறை. இவர் 1939இல் ஹனோய் நகரிற் பிறந்தார். 1954ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டால் நாடு வடக்கும் தெற்குமாகப் பிரிந்தபோது, இவர் வடக்கில் இருந்தார். வடபகுதி பொதுவுடைமை அரசின் ஆட்சிக்கு உட்பட்டது.

1960இல் ஆசிரிய நண்பர் ஒருவருக்கு ஈடாக வரலாற்று வகுப்பொன்றை நடத்துமாறு நேர்ந்தது. சோவியத்துப் படை மஞ்சூரியாவில் ஜப்பானியரை முறியடித்ததாலேயே இரண்டாம் உலகப்போர் முடிவுற்றது என்று பாடநூல் கூறியது. தியென் மாணவரிடம், அமெரிக்கர் வீசிய அணுகுண்டுகளே ஜப்பானைப் பணியவைத்தன என்று சொன்னார். இதன்பொருட்டு அரசுக்கெதிரான பரப்புரை செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். விதித்த தண்டனை 2 ஆண்டு. சிறையிற் கழிந்ததோ ஏறத்தாழ மூன்றரை ஆண்டு.

ஆசிரியப் பணி புரிவோர் இந்நிகழ்ச்சியைச் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். போர் முடிந்ததற்குரிய காரணங்களைப் பற்றி வரலாற்றறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். குண்டே காரணம் என்பாரும் உளர். சோவியத்துப் படையெடுப்பும் காரணம் என்பாரும் உளர். ஆகவே அவர் கூறியது சரியா தவறா என்பதன்று இங்கு வினா. பாடநூலினின்றும் மாறுபட்ட ஒரு வாக்கியத்துக்கு விடை மறுப்பாக இருந்திருக்கலாம். அது சிறையாக இருந்தது என்பதே செய்தி.

1964இல் வெளிவந்தவர், தாம் பாடிய செய்யுட்கள் அரசை இகழ்வன என்னும் ஐயத்தின்பேரில் 1966இல் மீண்டும் பிடிபட்டார். இம்முறை வழக்கு விசாரணையே இல்லை. வழக்கின்றி அடைத்து வைத்தற்கு அந்நாட்டில் விதி இருந்தது. 1961இல் வட வியட்நாமில் இயற்றப்பட்ட தீர்மானமொன்று, பொது ஒழுங்குக்கு ஊறு எனக் கருதப்பட்டவரை 3 ஆண்டு முகாமில் வைக்க இடந்தந்தது. அக்காலம் முடிந்தால் மீண்டும் நீட்டிக்கவும் செய்யலாம். தீர்ப்பு இல்லாதவனுக்கு விடுதலை நாள் என்று ஒன்று இல்லை. தியென் இவ்வாறு 11 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்து 1977இல் வெளிவந்தார்.

ஏடின்றி எழுதிய பாடல்கள்

முகாம்களில் அவருக்குத் தாளும் எழுதுகோலும் கிடையா. கிடைத்தாலும் எழுதியதே குற்றச்சான்றாகிவிடும். ஆகவே தியென் செய்யுட்களை மனத்திலே இயற்றி, மனத்திலே திருத்தி, மனத்திலேயே வைத்துக்கொண்டார். நூற்றுக்கணக்கான பாடல்கள் இவ்வாறு அவர் நினைவில் தங்கின.

இஃது எங்ஙனம் இயலும் என வியப்பார்க்கு யாப்பே விடையாகும். வியட்நாமியரின் நாட்டு யாப்பு ‘லுக் பாட்’ எனப்படும். ஆறெட்டு என்பது பொருள். ஆறசை கொண்ட அடியும் எட்டசை கொண்ட அடியும் மாறி மாறி வரும். ஆறசையடியின் இறுதி ஒலி, எட்டசையடியின் ஆறாம் அசையோடு இயையும். அந்த எட்டசையடியின் இறுதி ஒலி, அடுத்த ஆறசையடியின் இறுதியோடு இயையும். சங்கிலியின் கண்ணிபோல ஓரடி அடுத்த அடியை இழுத்து வரும். 3,254 அடிகளையுடைய ‘கியூவின் கதை’ என்னும் அந்நாட்டுப் பெருங்காவியத்தை எழுத்தறியாதாரும் நெடும்பகுதி ஒப்பிப்பர் என்பது இதனாலேயே. நம் அந்தாதித் தொடையை அறிந்தவர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும். யாப்பு என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று; கட்டிவைத்தற்கும் உரியது. யாத்தல் என்னும் சொல்லுக்கே கட்டுதல் என்பதுதானே பொருள்!

1979ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தியென் தம் நினைவிலிருந்த பாடல்களுள் ஏறத்தாழ 400 பாடல்களை ஏட்டிலே எழுதினார். அவ்வேட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஹனோயிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துள் விரைந்து புகுந்தார். அடைக்கலம் தர இயலாது என்றனர் ஆங்கிருந்த அலுவலர். ஏட்டினை வெளிநாட்டுக்குச் சேர்ப்பிப்போம் என்று மட்டும் வாக்களித்தனர். தூதரக வாயிலைத் தாண்டியதும் அவர் பிடிபட்டார். ஏடு இலண்டனுக்குச் சென்றது. கவிஞர் ‘ஹொவா லோ’ என்னும் சிறைக்குச் சென்றார்.

ஹொவா லோ என்றால் அடுப்பு, உலை எனப் பொருள்படும். அடுப்பு செய்து விற்போர் வாழ்ந்த தெருவில் பிரெஞ்சு ஆட்சியார் கட்டிய சிறை அது. அவர்கள் வியட்நாமியப் புரட்சியாளரை அதில் அடைத்தனர். புரட்சி வென்றபின் அதே சுவர்களுக்குள் அமெரிக்கப் போர்க்கைதிகள் அடைபட்டனர். தம் அரசை மறுத்துப் பாடிய வியட்நாமியரும் அடைபட்டனர். ஆட்சி மாறியது, அடுப்பு மாறவில்லை.

ஏட்டின் மேல் ஆசிரியர் பெயர் இல்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தில் வியட்நாமியம் பயிற்றிய பேராசிரியர் பாட்ரிக் ஹனி என்பாரிடம் அது சேர்ந்தது. 1980இல் வெளிநாடுகளில் வாழ்ந்த வியட்நாமியர் அதனைப் பெயரறியாத ஆசிரியரின் நூலாக அச்சிட்டனர். இசைவாணர் ஃபாம் துய் அப்பாடல்கள் சிலவற்றுக்குப் பண் அமைத்தார். அறிஞர் ஹுயின் சான் தோங் மொழிபெயர்த்த ஆங்கில நூல் 1984இல் ‘நரகத்தின் மலர்கள்’ என்னும் பொருள்படும் பெயரால் வெளிவந்தது. 1985இல் ராட்டர்டாம் நகரில் அனைத்துலகக் கவிதைப் பரிசு அளிக்கப்பட்டது. பாடல்கள் கடல் கடந்து புகழ் பெற்றுக்கொண்டிருந்த அக்காலத்தில் பாடியவர் இருட்டறையில் இருந்தார். அனைத்துலக மன்னிப்புக் கழகம் முதலிய அமைப்புகள் அவருக்காகக் குரல் எழுப்பின. 1991இல் அவர் விடுதலை பெற்றார்.

கடல்வழியும் முறைவழியும்

இனி, சிறை மீண்டவர் நாடு கடந்த வகையைக் காண்போம். 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. புதிய ஆட்சியார் தென் வியட்நாமின் படைத்துறையினரையும் அரசு அலுவலரையும் ‘ஹொக் தாப் காய் தாவ்’ என்பதற்கு வருமாறு பணித்தனர். ‘கற்றுத் திருந்துதல்’ என்பது அத்தொடரின் பொருள். மறுகல்வி என்று நாம் கூறலாம். அதிகாரிகள் ஒரு திங்களுக்கு வேண்டிய உணவும் உடையும் கொண்டுவருமாறு கேட்கப்பட்டனர். ஒரு திங்களில் திரும்புவோம் என்று மனைவி மக்களிடம் சொல்லிச் சென்றவருட் பலர், ஐந்தாண்டு, பத்தாண்டு, அதற்கும் மேலாகக் கழித்துத் திரும்பினர். கல்வி என்னும் பெயர் சூடிய அம்முகாம்களில் காடு வெட்டுதலும் நிலம் கொத்துதலும் தம் குற்றங்களைத் தாமே எழுதித் தருதலும் பாடங்களாயின. பசியாலும் நோயாலும் மாண்டவரும் பலர்.

இவ்வாறு மீண்டவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் முதலிற் கிடைத்த வழி கடல்வழியே. 1975 முதல் 1995 வரை வியட்நாமினின்றும் படகேறித் தென்கிழக்காசிய நாடுகளிலும் ஹாங்காங்கிலும் உயிரோடு கரையேறியோர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். திரங்கானுக் கரைக்கப்பாலுள்ள பூலாவ் பிடோங் தீவு 1978இல் முகாமாகத் திறக்கப்பட்டது. ஒரு சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு என்று சொல்லத்தக்க அச்சிறு தீவில் 1979இன் நடுவே 40,000 பேருக்கு மேல் நெருங்கி வாழ்ந்தனர். 1991இல் அது மூடப்படும்வரை அதன் வழியே சென்றவர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர். கரையணையவிடாது கடலுக்கே இழுத்துச் செல்லப்பட்ட படகுகளும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. சிங்கப்பூரில் செம்பவாங் வட்டாரத்து ஹாக்கின்ஸ் சாலையில் 1978 முதல் 1996 வரை ஒரு முகாம் இருந்தது. வேறொரு நாடு ஏற்றுக்கொள்ளும் என்னும் உறுதி உடையார்க்கே ஆங்கு இடம் தரப்பட்டது.

இரண்டாவது, முறைவழி. கடலில் மாள்வதைத் தடுக்க வேண்டி, ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையமும் வியட்நாம் அரசும் 1979 மே திங்களில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ‘ஒழுங்கான வெளியேற்றத் திட்டம்’ என அதற்குப் பெயர். விண்ணப்பம் எழுதி, இசைவு பெற்று, வானூர்தியில் செல்லும் வழி அது. 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வழியே சென்றனர்.

எனினும், மறுகல்வி முகாம்களில் இருந்தவர்க்கு அக்கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. அவர்களுடைய மனைவியர் அமெரிக்காவில் ஒன்று கூடினர். கூக் மின் தோ என்னும் அம்மையார் தலைமையில் அரசியல் கைதிகளின் குடும்பச் சங்கம் ஒன்று உருவாயிற்று. அவருடைய கணவரும் முகாமில் இருந்தவரே. அப்பெண்கள் கைதிகளின் பெயர்ப் பட்டியல்களைத் தொகுத்தனர். ஒவ்வொரு பெயருக்கும் கோப்பு உண்டாக்கினர். அமைச்சகங்களின் வாயிலைத் தட்டினர். 1989 ஜூலை 30ஆம் நாள் அமெரிக்காவும் வியட்நாமும் இதுபற்றி உடன்பட்டன. 3 ஆண்டும் அதற்கு மேலும் முகாமில் இருந்தவர், குடும்பத்தோடு அமெரிக்காவிற் குடியேறலாம் என்றாயிற்று. 1990 தொடக்கத்தில் முதற்குழுவினர் சென்றனர். பின்வந்த ஆண்டுகளில் கைதிகளும் குடும்பத்தாருமாக ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்று சேர்ந்தனர். வியட்நாமியர் அவர்களை ‘எச். ஓ.’ என்னும் ஆங்கில எழுத்துகளாலேயே குறிப்பர்.

சிறைத்தாள் சான்றிதழ் ஆன விந்தை

இங்கே சட்டநுட்பம் ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி, இனம், சமயம், தேசியம், சமூகக்குழு, அரசியற் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்னும் தக்க அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. ‘வெளியே’ என்னும் சொல்லைக் கருதுக. எல்லையைத் தாண்டாதவர் எத்துணைத் துன்பம் உற்றாலும் அவ்விலக்கணத்துள் அடங்கார். அங்ஙனமாயின் ஹோ சி மின் நகரில் தம் வீட்டிலிருந்த முன்னாட்கைதியை அகதி என்றது எவ்வாறு? அமெரிக்கா 1980இல் இயற்றிய அகதிகள் சட்டம், குடியரசுத் தலைவர் குறிப்பிடும் நாடுகளில், நாட்டுக்குள் இருப்போரையும் அகதிகளாக ஏற்க இடந்தந்தது. அந்த விதிவிலக்கே இவர்களுக்கு வாயிலாயிற்று.

சான்று யாது? முகாமினின்றும் விடுவிக்கும்போது காவலர் அளித்த விடுதலைத் தாளே. எத்தனை ஆண்டு அடைபட்டிருந்தார் என்பதை அது காட்டும். ஊரில் அத்தாள் ஓர் இழுக்கு. அதனை உடையவர்க்கு நல்ல வேலை அரிது. பிள்ளைகளுக்கு உயர்கல்வி அரிது. அதே தாள் நேர்காணல் மேசையில் வைக்கப்பட்டபோது நுழைவுரிமை ஆயிற்று. இரண்டாண்டு, பதினொரு திங்கள் இருந்தவர் தகுதி பெறார்; மூன்றாண்டு இருந்தவர் பெறுவர். துன்பத்தை நாட்கணக்கில் அளந்த அளவுகோல் அது. கொடிதே ஆயினும், எல்லை ஒன்று வகுத்தாலன்றிப் பட்டியல் ஒன்று எழுத இயலாது என்பதும் உண்மை.

பிள்ளைகளின் அகவையும் இடர் விளைத்தது. தந்தை சிறையிலிருந்த காலத்தில் வளர்ந்துவிட்ட மக்கள் 21 அகவையைக் கடந்திருந்தனர். அத்தகையோரை உடன் அனுப்பும் வழக்கம் 1995இல் நிறுத்தப்பட்டது. 1996இல் அமெரிக்கப் பேரவை ஒரு திருத்தம் செய்து, மணமாகாத அம்மக்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அதனை முன்மொழிந்த ஜான் மக்கெய்ன் ஹொவா லோச் சிறையில் போர்க்கைதியாக இருந்தவர் என்பது நினைவிற்குரியது.

சென்று சேர்ந்த பின்

நேர்காணலும் மருத்துவச் சோதனையும் முடிந்தபின் பயணம். வானூர்திக் கட்டணம் அகதிக்கு இலவசமன்று. வட்டியில்லாக் கடனாகத் தரப்பெற்று, வேலை கிடைத்தபின் சிறிது சிறிதாகத் திருப்பித் தருதல் வேண்டும். இறங்கிய இடத்தில் தொண்டு நிறுவனமொன்று வரவேற்று, வாடகை அறை, பாத்திரம், மெத்தை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்பவற்றை ஏற்பாடு செய்யும். அரசின் உதவி சில திங்களே. ஓராண்டு கழிந்தபின் நிலையான வாழ்வுரிமையும், ஐந்தாண்டு கழிந்தபின் குடியுரிமையும் வேண்டி விண்ணப்பிக்கலாம்.

தாளில் இது நேரான பாதை. ஆனால், ஐம்பது அகவையைக் கடந்து வந்த படைத்தலைவர் எந்த வேலைக்குச் செல்வார்? பலர் தொழிற்சாலையில் மின்கருவிப் பகுதிகளைப் பொருத்தினர், இரவுக்காவல் செய்தனர். ஆணையிட்டுப் பழகிய நாவு, பிள்ளைகள் எளிதிற் பேசும் ஆங்கிலத்தில் தடுமாறிற்று. அலுவலகங்களில் அவர்தம் பெயர்கூட முன்பின்னாக எழுதப்பட்டது. முகாமில் எண்ணாக இருந்தவர், புகலிடத்தில் தலைகீழான பெயராக ஆனார்.

தியென் 1995இல் அமெரிக்கா சேர்ந்தார். அவருக்காக முயன்றோருள் மசுவோக்கா என்னும் ஓய்வுபெற்ற வான்படை அதிகாரி ஒருவர். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வழியினர் என்பதற்காகவே அமெரிக்காவில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டோருள் அவரும் ஒருவர். வேலிக்குள் இருந்தவர் வேலிக்குள் இருந்தவரை அறிந்தார் போலும்! தியெனின் தமையனார் தென் வியட்நாம்ப் படையில் அதிகாரியாக இருந்தவர். தாமும் மறுகல்வி முகாமில் நெடுங்காலம் இருந்து, முன்னரே குடியேறியவர். தியென் முதலில் அவரிடம் தங்கினார். பின்னர்ப் பிரான்சில் சில ஆண்டு எழுத்தாளர் உதவிநல்கை பெற்று வாழ்ந்து, ஹொவா லோச் சிறைக்கதைகளை எழுதினார். இறுதியில், வியட்நாமியர் மிகுதியாக வாழும் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தைச் சேர்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை, சிறு வாடகை இடமே வீடாக எளிமையாக வாழ்ந்தார்.

சொந்த மக்களே கேட்ட சான்று

அமைதி கிட்டிய அவ்விடத்தில் அவருக்கு நான்காம் சோதனை ஒன்று வந்தது. ஏட்டில் பெயர் இல்லை அன்றோ? பாடல்களை எழுதிய உண்மைக் கவிஞர் சிறையில் மாண்டுவிட்டார். இவர் போலி என்று புலம்பெயர்ந்த வியட்நாமியருள்ளேயே சிலர் கூறலாயினர். அயல்நாட்டு அரசு அவரை ஏற்றுக்கொண்டது. தம் மொழி பேசுவோர் சிலர் ஐயுற்றனர். உளவுக்கும் காட்டிக்கொடுத்தலுக்கும் நெடுங்காலம் ஆட்பட்ட மக்களிடையே ஐயம் எளிதில் முளைக்கும். அஃது அவர்தம் குற்றம் என்பதினும் அவர்கள் பட்ட புண் என்பதே பொருந்தும். ஆயினும் ஐயத்திற்கு உட்பட்டவர் படும் வருத்தம் அதனாற் குறையாது.

2008இல் தியென் தம் கையெழுத்தை 1979ஆம் ஆண்டு ஏட்டின் கையெழுத்தோடும், தம் முகத்தைப் பழைய நிழற்படங்களோடும் வல்லுநரைக் கொண்டு ஒப்பிடச் செய்து, முடிவை மக்கள் முன் வைத்தார். சிறையில் எழுத்தே குற்றச்சான்றாகும் என்றஞ்சி எழுதாதிருந்தவர், விடுதலை பெற்ற நாட்டில் தாமே எழுதியவர் என்று மெய்ப்பிக்க அதே எழுத்தைக் காட்டவேண்டியதாயிற்று. 2012 அக்டோபர் 2ஆம் நாள், 73ஆம் அகவையில், அவர் கலிபோர்னியாவின் சாந்தா அனா நகரிற் காலமானார்.

நாம் கொள்ளத்தக்கது

அகதியின் இன்னல் தீர மூன்று வழிகள் உண்டென்பர் இத்துறை அறிஞர்: அச்சம் நீங்கியபின் தாயகம் திரும்புதல், முதலிற் சேர்ந்த நாட்டிலேயே நிலைபெறுதல், மூன்றாம் நாடொன்றிற் குடியேறுதல். இவற்றுள் மூன்றாவது வழி மிகச் சிலர்க்கே கிட்டுவது. தியெனுக்கும் எச். ஓ. குடும்பங்களுக்கும் அது கிட்டியது. எனினும் குடியேறுதல் என்பது வானூர்தி இறங்குவதோடு முடிவதன்று. யார் நீ என்னும் வினாவுக்கு விடை கூறிக்கொண்டே இருத்தல் அதன் மறுபாதி. காவலர் கேட்பர், நேர்காண்போர் கேட்பர், தொழில் தருவோர் கேட்பர், ஒருகால் உறவினரும் கேட்பர்.

வகுப்பில் அகதி என்னும் சொல்லுக்குப் பொருள் கூற நேரும்போது, ஆசிரியர் ‘வீடிழந்தவர்’ என்று கூறி நிறுத்தற்க. வீடு மட்டுமன்று, தாம் இன்னார் என்பதற்குரிய சான்றையும் இழந்தவர் அவர். தியெனிடம் எஞ்சியிருந்த சான்று அவர் நினைவு ஒன்றே. அதனைக் காக்க அவருக்குத் துணை நின்றது அவர் தாய்மொழியின் யாப்பு. மனப்பாடம் பழங்காலத்து முறை என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். சோதனையிட்டுப் பறிக்க இயலாத உடைமை அஃதொன்றே என்பதைச் செய்யுள் கற்பிக்கும் நாளில் மாணவர்க்கு ஒருமுறையேனும் சொல்லுதல் நன்று.